பகுப்பிரசாயனத்திற் செய்முறைப் பயிற்சி

ஒரு பொருளில் அடங்கியுள்ளவை யாவை, அவை ஒவ்வொன்றும் எவ்வளவு என்னும் இரு வினாக்களுக்கும் விடை காண்பதே பகுப்பிரசாயனம். முன்னையது பண்பறி பகுப்பு. பின்னையது அளவறி பகுப்பு. இவற்றின் கோட்பாடுகளை நூல் வாயிலாகச் சில வாரங்களில் அறிந்துகொள்ளலாம். ஆனாற் பல்கலைக்கழக ஆய்வுகூடத்தில் அளவியின் முன் நிற்கும் மாணவன், தான் அறிந்தது வேறு, தன் கை அறிந்தது வேறு என்பதை முதல் நாளிலேயே உணர்வான்.

மாணவர் தாமே பகுப்புச் செய்து பழகவேண்டும் என்னும் முறை நெடுங்காலப் பழைமையுடையதன்று. 1824 ஆம் ஆண்டிற் செருமனியிலுள்ள கீசன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராகிய லீபிக் என்பாரே, ஆய்வுகூடப் பயிற்சியை இரசாயனக் கல்வியின் நடுநாயகமாக்கிப் புகழ்பெற்றார். பின்னர் 1855 இல் மோர் என்பார் நியமிப்பு முறைகளைத் தொகுத்து நூலாக வெளியிட்டார்.

நியமிப்பு என்பது யாது? செறிவு தெரிந்த கரைசலொன்றை அளவியிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்த்து, மற்றொரு கரைசலின் செறிவைக் காண்பதாம். கூம்புக் குடுவையில் 25 கன சென்ரிமீற்றர் அமிலத்தை இட்டு, பினோத்தலீனைக் காட்டியாகச் சேர்த்து, காரத்தை விட்டுக்கொண்டு வந்தால், நிறமற்ற கரைசல் ஒரு துளியால் மெல்லிய இளஞ்சிவப்பாகும். அத்துளியின் பருமன் ஏறக்குறைய 0.05 கன சென்ரிமீற்றர். 25 இல் அது 500 இல் ஒரு பங்கு. ஒரு துளி மிகுந்தால் விடையும் அவ்வளவு பிழைக்கும்.

ஆய்வுகூட விதிகள் ஒவ்வொன்றுக்கும் காரணமுண்டு. அளவியை அதில் நிரப்பப்படும் கரைசலாலேயே கழுவுகிறோம். நீர் எஞ்சியிருப்பின் கரைசல் ஐதாகிவிடும். கூம்புக் குடுவையையோ நீரால் மட்டுமே கழுவுகிறோம்; கரைசலாற் கழுவின், அளந்திட்ட அமிலத்திலும் மிகுதியான அமிலம் அதிற் சேர்ந்துவிடும். குழாயியின் நுனியில் நிற்கும் கடைசித் துளியை ஊதித் தள்ளலாகாது. அத்துளி நீங்கலாகவே அதன் அளவு குறிக்கப்பட்டுள்ளது. சோடியமைதரொட்சைட்டு வளியிலுள்ள ஈரத்தையும் காபனீரொட்சைட்டையும் உறிஞ்சுமாகையால், அதனை நிறுத்துக் கரைத்ததனால் மட்டும் செறிவு தெரிந்துவிடாது; நியமக் கரைசலொன்றோடு ஒப்பிட்டே துணிதல் வேண்டும். காரணத்தை உணராது விதியை மனனஞ் செய்பவன், விதி கூறப்படாத இடத்திற் றடுமாறுவான்.

எனினும், கைத்திறனிலும் அரிதானது ஒன்றுண்டு. மூன்று வாசிப்புக்களில் ஒன்று மற்றையவற்றோடு ஒவ்வாதபோது, அதனைத் திருத்தி எழுதவோ, அயல் மேசை மாணவனின் விடையைத் தழுவிக்கொள்ளவோ மனம் தூண்டும். அத்தூண்டுதலை வெல்வதே இப்பயிற்சியின் உயிர்நிலை. வாசிப்பை உள்ளவாறே எழுதி, பிழையின் காரணத்தைத் தேடி, மீண்டும் செய்தலே நெறி.

ஒவ்வாத எண் சில வேளைகளிற் புதையலாகவும் அமையும். 1892 இல் இறேலிப் பிரபு, வளியிலிருந்து பெற்ற நைதரசன் அமோனியாவின் துணைகொண்டு பெற்ற நைதரசனிலும் 1000 இல் ஒரு பங்களவு கனமாயிருக்கக் கண்டார். அவர் அவ்வேறுபாட்டை மறைக்க முயலவில்லை. அதனை மிகுவிக்கவே முயன்றார். நைதரசன் முழுவதையும் இரசாயன முறையாற் பெற்றபோது, வேறுபாடு ஏறக்குறைய 200 இல் ஒரு பங்காகியது. 1894 இல் அவரும் இறாம்சேயும், வளியில் மறைந்திருந்த ஆகன் என்னும் மூலகமே அதற்குக் காரணமென வெளிப்படுத்தினர்.

இன்று தாமாகவே நியமிக்கும் பொறிகள் உள. ஆயினும் பொறியைச் சரிபார்க்கும் நியமக் கரைசலை ஆக்குதற்கும், அது தரும் எண்ணை ஐயுறுதற்கும் பயின்ற மனிதனே வேண்டும். யாழ்ப்பாணக் குடாநாட்டிலே சுண்ணாம்புக்கல்லினூடு ஊறும் கிணற்று நீரையே பலர் பருகுகின்றனர். உரமிட்ட தோட்டங்களிலிருந்து நைத்திரேற்று அந்நீரிற் சேர்கிறது. குடிநீருக்கு உலகச் சுகாதார நிறுவனம் குறித்துள்ள எல்லை இலீற்றருக்கு 50 மில்லிகிராம். ஒரு கிணற்று நீர் குழந்தைக்கு ஏற்றதோ அன்றோ என்பது, எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் ஒருவர் எழுதும் எண்ணைப் பொறுத்தது. அவ்வெண்ணை உள்ளவாறே எழுதும் பழக்கம், மாணவப் பருவத்தில் முதல் அளவியின் முன்னேதான் தொடங்குதல் வேண்டும்.