மாமல்லபுரத்தில் கரை ஏறிய புயல். இலங்கையில் குளிரில் விறைத்துச் செத்த மாடுகள்!

"நம்ம ஊருக்குக் குளிர் ஏது?" என்று இருக்கலாமா? கருங்குழி வட்டாரத்துக்கு ஒரு பாடம்

கருங்குழி—

கருங்குழி வெயிலுக்குப் பழகிய ஊர். அக்கினி நட்சத்திரத்தில் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு வயலில் நிற்பார்கள். அலட்டிக் கொள்ள மாட்டார்கள்.

ஆனால் மழையோடு சேர்ந்து ஒரு நாள் வாடைக் காற்று அடித்தால் போதும். ஊரே வெடவெடத்துப் போகும்!

மதுராந்தகத்துக்கும் படாளத்துக்கும் நடுவே, திருச்சி ரோட்டில் இருக்கிறது கருங்குழி. விடியற்காலையில் ரெயிலுக்கும் பஸ்சுக்கும் ஓடுகிற கூட்டம் உண்டு. அந்தக் கூட்டத்தில் குரங்கு குல்லா போட்டவர்களை எண்ணிவிடலாம். மற்றவர்களுக்குக் கைக்குட்டைதான் மப்ளர். வேட்டிதான் போர்வை.

கம்பளி வாங்கி வைக்கிற வழக்கமே இங்கு கிடையாது. "ரெண்டு நாள் குளிருக்குக் காசைக் கொட்டணுமா?" என்பதுதான் காரணம்.

அந்த இரண்டு நாள் என்ன செய்யும் என்பதை 2022 டிசம்பரில் வந்த மாண்டஸ் புயல் காட்டியது.

பயந்தது காற்றுக்கு, வந்தது குளிர்

டிசம்பர் 9-ந்தேதி இரவு மாமல்லபுரம் அருகே அந்தப் புயல் கரையைக் கடந்தது. மணிக்கு 65 முதல் 75 கிலோ மீட்டர் வேகத்தில் காற்று வீசியது. சென்னை, செங்கல்பட்டு வட்டாரத்தில் மரம் விழும், கரண்டு போகும் என்றுதான் எல்லோரும் பயந்தார்கள். கதவை அடைத்தார்கள். மெழுகுவர்த்தி வாங்கினார்கள்.

ஆனால் புயல் கரை ஏறும் முன்பே சில்லென்று ஆகிவிட்டது. பகலிலேயே வெயில் காணவில்லை. மின்விசிறியை நிறுத்திவிட்டு இழுத்துப் போர்த்திக் கொண்டார்கள்.

இங்கே அது வெறும் நடுக்கத்தோடு போயிற்று. கடலுக்கு அந்தப் பக்கம் அது பெரிய சோகமாக முடிந்தது.

விடிந்ததும் அதிர்ச்சி

அதே புயல் இலங்கையை ஒட்டிக் கடந்து வந்தபோது, அங்கே வடக்கு, கிழக்கு மாகாணங்களில் விடாமல் மழை. கூடவே குளிர் காற்று. கிளிநொச்சி, முல்லைத்தீவு பக்கம் மாடுகளை மேய்ச்சலுக்கு விட்டு வளர்ப்பவர்கள் அதிகம். கொட்டகை கிடையாது. திறந்தவெளிப் பட்டிதான்.

விடிந்து போய்ப் பார்த்தவர்களுக்கு அதிர்ச்சி. மாடுகள் கால் நீட்டி, விறைத்துச் செத்துக் கிடந்தன. ஒன்று, இரண்டு அல்ல. ஆடும் மாடுமாக ஆயிரத்துக்கும் மேல்!

ஏதாவது நோயா என்ற சந்தேகம் எழுந்தது. அந்த மாகாணங்களில் இருந்து இறைச்சி கொண்டு செல்ல அரசு தடை போட்டது. பரிசோதனைக்குப் பின், குளிர்தான் காரணம் என்று தெரிவிக்கப்பட்டது.

பாலை விற்றுப் பிழைக்கும் குடும்பத்துக்கு மாடுதான் சொத்து. அது ஒரே இரவில் போய்விட்டது.

பனி இல்லை, பின் எப்படி?

அங்கே உறைபனி விழவில்லை. பிறகு எப்படிச் செத்தன?

குளித்துவிட்டு ஈர உடம்போடு மின்விசிறிக்கு அடியில் நின்று பாருங்கள். நடுக்கம் எடுக்கும். அதே கதைதான். மாட்டின் உடம்புச் சூடு சுமார் 38½ டிகிரி. ரோமம் காய்ந்து இருந்தால் அந்தச் சூடு உள்ளே நிற்கும். நனைந்துவிட்டால் நிற்காது. அதற்கு மேல் காற்றும் அடித்தால் சூடு வேகமாகப் பறந்துவிடும்.

தீனி செரிக்கும்போதுதான் மாட்டுக்கு உள்சூடு உண்டாகிறது. மழையில் மேய முடியாமல் பட்டினி கிடந்தால் அதுவும் போயிற்று. மெலிந்த மாடும் இளங்கன்றும் முதலில் விழும்.

குளிர் எங்கிருந்து வந்தது? புயல் வங்கக் கடலில் சுற்றும்போது, அதன் மேற்குப் பக்கத்தில் காற்று வடக்கே இருந்து தெற்கே இழுக்கப்படும். டிசம்பரில் வடநாட்டில் குளிர்காலம். அந்தக் காற்றுதான் இறங்கி வந்தது. புகையும் தூசும் கூடவே வந்தன. கொழும்பில் வானம் மங்கிப்போய், 9-ந்தேதி பள்ளிக்கூடங்களுக்கே விடுமுறை விட்டார்கள்.

சென்னையிலேயே 13.9 டிகிரி!

இந்தப் பக்கத்துக்குக் குளிர் புதிது அல்ல. சென்னையில் 1895 டிசம்பர் 11-ந்தேதி 13.9 டிகிரி பதிவாகி இருக்கிறது. 1905 ஜனவரி 29-ந்தேதி மறுபடியும் அதே அளவு. எப்போதோ ஒரு முறை வருவதால்தான் ஏமாந்து போகிறோம்.

என்ன செய்ய வேண்டும்?

புயல் எச்சரிக்கை வந்ததும் மாட்டைத் திறந்தவெளியில் கட்டாதீர்கள். வடக்குப் பக்கம் தார்ப்பாய் கட்டி, காற்றை மறியுங்கள். தரையில் காய்ந்த வைக்கோலைப் பரப்புங்கள். நனைந்த மாட்டைச் சாக்கால் துடைத்துவிட்டு, வயிறு நிறையத் தீனி போடுங்கள். அதற்கு வேண்டிய வைக்கோலை மழைக்கு முன்பே நனையாத இடத்தில் சேர்த்து வையுங்கள்.

மனிதருக்கும் இதே விதிதான். நனைந்த துணியை உடனே மாற்றுங்கள். கைக்குழந்தைக்குத் தலையை மூடி, தாயோடு அணைத்து வையுங்கள். நடுங்கிக்கொண்டிருந்த முதியவருக்கு நடுக்கம் நின்று, பேச்சுக் குழறினால், "குளிர் விட்டுப்போச்சு" என்று நினைக்காதீர்கள். அது ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

"ஒரு கட்டிங் போட்டா குளிர் போயிடும்" என்பதும் தப்பு. சாராயம் தோலுக்குச் சூடு காட்டும். உள்சூட்டை வெளியே விட்டுவிடும்.

ஒன்று மிக முக்கியம். மூடிய அறைக்குள் கரி அடுப்பு வைக்காதீர்கள். கொடைக்கானலில் 2024-ல் அணையாத கரி அடுப்பை அறைக்குள் வைத்துவிட்டுத் தூங்கிய 2 வாலிபர்கள் விஷப்புகையில் இறந்துபோனார்கள். அந்தப் புகைக்கு வாசனை கிடையாது. தூங்குகிறவருக்குத் தெரியாது.

ஒரு தார்ப்பாய், ஒரு கட்டு வைக்கோல், ஆளுக்கு ஒரு போர்வை. ஐப்பசியிலேயே எடுத்து வைத்துவிட்டால் போதும். அடுத்த புயல் எந்த ஊரில் கரை ஏறினாலும், விடியும்போது தொழுவத்தில் மாடு எழுந்து நிற்கும்.