பணமா, அரிசியா?

புதுச்சேரியில் 2015 செப்டம்பரில் ரேஷன் அரிசி நின்று, அதற்குப் பதிலாக வங்கிக் கணக்கில் பணம் வரத் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளில் முதல்வராக இருந்த நாராயணசாமி அரிசிதான் கொடுக்க வேண்டும் என்றார். துணைநிலை ஆளுநர் கிரண் பேடி பணம்தான் என்றார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. மூடிக் கிடந்த ரேஷன் கடைகள் 2024 அக்டோபரில்தான் மீண்டும் திறந்தன. அதுவரை கடையைத் திறக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டிருந்தவர்களில் அந்தப் பணத்தை வாங்கிய குடும்பத்தினரும் இருந்தார்கள்.

பணம் இருந்தால் அரிசியும் வாங்கலாம், பருப்பும் வாங்கலாம். அப்படியிருக்க அரிசியை ஏன் கேட்டார்கள்? மக்களுக்கு விவரம் போதவில்லை என்று சொல்லிவிடுவது சுலபம். அது தவறு என்பதைப் பொருளியலின் அரிச்சுவடியை வைத்தே காட்டலாம்.

நுகர்வோரைப் பற்றிய கோட்பாடு ஒருவரிடம் எதிர்பார்ப்பது மிகக் கொஞ்சம். இரண்டு கூடைப் பொருள்களைக் காட்டினால் எது தனக்கு மேல், அல்லது இரண்டும் ஒன்றுதான் என்று அவரால் சொல்ல முடிய வேண்டும். இந்த வரிசைக்கு ஒரு எண் கொடுத்தால் அதுதான் பயன்பாடு. 1871-இல் இங்கிலாந்தில் ஜெவன்ஸ், ஆஸ்திரியாவில் மெங்கர் என்ற இரு பொருளியலாளர்கள் தனித்தனியாக ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள்: ஒரு பொருள் கூடக் கூட, அடுத்த அலகு தரும் கூடுதல் நிறைவு குறைகிறது. பிளஸ் ஒன் பாடநூல் இதைக் குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி என்கிறது. நிறைவை எண்ணால் அளக்க முடியுமா என்ற சண்டை பிறகு நெடுங்காலம் நடந்தது. வரிசை தெரிந்தாலே போதும் என்று பொருளியலாளர் பரேட்டோ வழி காட்ட, 1934-இல் ஹிக்ஸும் ஆலனும், ஒரே அளவு நிறைவு தரும் கூடைகளை இணைக்கும் சமநோக்கு வளைகோடுகளைக் கொண்டு அந்த வழியை முழுமையாக்கினார்கள்.

ரேஷன் கேள்விக்கு இந்த வளைகோடுகள் சொல்லும் பதிலை 1945-இல் ஹெர்மன் சவுத்வொர்த் என்ற அமெரிக்கப் பொருளியலாளர் எழுதிவைத்தார். ஒரு குடும்பம் மாதம் 35 கிலோ அரிசி சமைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 20 கிலோ இலவசமாக வந்தால் 15 கிலோவை வெளியே வாங்கும். அந்த 20 கிலோவுக்குப் பதில் கிலோ 30 ரூபாய் கணக்கில் 600 ரூபாய் கொடுத்தால், 35 கிலோவையும் வெளியே வாங்கிக்கொள்ளும். இரண்டிலும் குடும்பம் ஒரே இடத்தில்தான் நிற்கிறது. அரிசி அவ்வளவாகச் சாப்பிடாத குடும்பத்துக்கோ பணமே மேல். ஆக, பணம் எந்த நிலையிலும் அரிசிக்குக் குறைந்ததில்லை.

இந்த முடிவில் பிழை இல்லை. ஆனால் சில நிபந்தனைகளை நம்பித்தான் அது நிற்கிறது: அரிசி விலை மாறக்கூடாது, கடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், குடும்பம் முழுவதும் ஒரே மனமாகச் செலவழிக்க வேண்டும். பணத்துக்காக வாதாடுபவர்கள் முடிவை மட்டும் எடுத்துக்கொண்டு நிபந்தனைகளை விட்டுவிடுகிறார்கள். அவர்கள் வாதத்தில் நான் காணும் பெரிய குறையே அதுதான்.

விலையை எடுத்துக்கொள்வோம். கிலோ 24 ரூபாய்க்கு இறங்கினால் 600 ரூபாய்க்கு 25 கிலோ கிடைக்கும். 40 ரூபாய்க்கு ஏறினால் 15 கிலோதான். சராசரி பார்த்தால் அதே 20 கிலோ, நட்டமில்லை என்று தோன்றும். சமையலறையில் கணக்கு வேறு. கூடுதலாக வரும் 5 கிலோவில் இன்னும் இரண்டு நாள் இட்லிக்கு ஊறப்போடுவார்கள், மிஞ்சினால் முறுக்குக்கு மாவு அரைப்பார்கள். குறையும் 5 கிலோவோ ராத்திரிச் சோற்றில் கைவைக்கும். முதலாவது தரும் நிறைவைவிட இரண்டாவது பறிக்கும் நிறைவு பெரிது. 1738-லேயே கணிதவியலாளர் டேனியல் பெர்னூலி, கையில் குறைவாக இருப்பவருக்கு ஒரே அளவு நட்டம் கூடுதலாக வலிக்கும் என்று காட்டியிருந்தார். நிச்சயமான 20 கிலோவைக் கேட்பவர் இறுதிநிலைப் பயன்பாட்டு விதியின்படிதான் நடக்கிறார். விலை ஏறும்போதெல்லாம் தொகையையும் அரசு ஏற்றினால் இந்த வாதம் விழுந்துவிடும். அப்படி மாதாமாதம் ஏறும் என்று யார் நம்புவார்கள்?

குடும்பம் ஒரே மனம் என்ற நிபந்தனை இன்னும் பலவீனமானது. அரிசி மூட்டை நேராக அடுப்படிக்குப் போகிறது. பணம் யார் பெயரில் வருகிறது, யார் எடுக்கிறார், வழியில் டாஸ்மாக் இருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் அது என்னவாகும் என்பதை முடிவுசெய்கிறது. பிரிட்டனில் 1970-களின் கடைசியில், தந்தையின் சம்பளத்தோடு சேர்ந்து கிடைத்துவந்த குழந்தை வரிச்சலுகையை எடுத்துவிட்டு, அதைத் தாயின் கையில் உதவித்தொகையாகக் கொடுத்தார்கள். லண்ட்பெர்க், போலாக், வேல்ஸ் ஆகிய மூன்று பொருளியலாளர்கள் 1997-இல் வெளியிட்ட ஆய்வின்படி, அதற்குப் பிறகு ஆண்களின் உடைச் செலவோடு ஒப்பிடும்போது பெண்கள், குழந்தைகளின் உடைச் செலவு கூடியது. கை மாறியதும் செலவு மாறியது என்றால், குடும்பத்துக்குள் ஒன்றுக்கு மேற்பட்ட விருப்ப வரிசைகள் இருக்கின்றன என்றுதான் பொருள். தமிழ்நாட்டில் 2023 செப்டம்பரில் தொடங்கிய 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகை பெண்ணின் கணக்குக்கே போவதற்கு வலுவான நியாயம் இதில் இருக்கிறது.

எங்கும் அரிசியே சிறந்தது என்று நான் சொல்லவரவில்லை. பொருளியல் அறிஞர் ரீத்திகா கேரா, 2011-இல் ஒன்பது மாநிலங்களில் நடந்த கள ஆய்வைக் கொண்டு இதே கேள்வியை அலசினார். மொத்தத்தில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக் குடும்பங்கள் உணவையே விரும்பின. பீகாரில் மட்டும் பணம் கேட்டவர்களே அதிகம். அப்போது அங்கே ரேஷன் கடை ஒழுங்காக நடக்கவில்லை, வரவேண்டிய தானியம் முழுதாகக் கைக்கு வரவில்லை. கடை நடக்கும் இடத்தில் அரிசியையும், கடை ஏமாற்றும் இடத்தில் பணத்தையும் கேட்டிருக்கிறார்கள். இதைவிடத் தெளிவாகக் கணக்குப் போட முடியுமா?

மக்களின் தேர்வைப் படிப்பதிலும் கவனம் தேவை. மனதுக்குள் எட்டிப் பார்க்க வேண்டாம், எதை எடுக்கிறார் என்று பார்த்தால் விருப்பம் தெரியும் என்ற சிந்தனையை 1938-இல் பொருளியலாளர் பால் சாமுவேல்சன் முன்வைத்தார். தமிழ்நாட்டு ரேஷன் அட்டையில் இதற்கு ஓர் உதாரணம் இருக்கிறது. அரிசி வேண்டாம் என்பவர்கள் சர்க்கரை அட்டை வாங்கி, அரிசிக்குப் பதில் கூடுதல் சர்க்கரை பெறலாம். 2019 நவம்பரில் சர்க்கரை அட்டையை அரிசி அட்டையாக மாற்றிக்கொள்ள அரசு வாய்ப்பு தந்தபோது பலர் மாற்றிக்கொண்டார்கள். அந்த ஒரு மாதத்தில் ரேஷன் அரிசியின் ருசி கூடிவிடவில்லை. வரவிருந்த பொங்கலுக்கு 1,000 ரூபாயும் பரிசுத் தொகுப்பும் அரிசி அட்டைக்குத்தான் என்று அந்தச் சமயத்தில் அறிவிப்பு வந்தது. அட்டை மாற்றியவர்களின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பவர், அரிசிக்குத் தேவை கூடிவிட்டது என்று கோப்பில் எழுதிவிடுவார்.