பெரிய வண்டியை விற்றோம், நிம்மதியை வாங்கினோம்!



நான் கும்பகோணத்தில் பிறந்தவள். 1981ல் கல்யாணமாகி இங்கிலாந்தில் உள்ள லெஸ்டர் நகருக்கு வந்தவள், இங்கேயே தங்கிவிட்டேன். ஊரில் இருக்கும் என் தங்கை இந்தப் பக்கத்தை வாரம் தவறாமல் போட்டோ எடுத்து அனுப்பி விடுவாள். மற்றவர்கள் எழுதியதைப் படித்து எத்தனையோ கற்றுக்கொண்டிருக்கிறேன். என் வீட்டில் நடந்ததும் யாருக்காவது பயன்படட்டுமே என்றுதான் இதை எழுதுகிறேன்.

என் கணவர் ஒரு தொழிற்சாலையில் என்ஜினீயராக வேலை பார்த்து 2016ல் ஓய்வு பெற்றார். வந்த பணத்தில் ஒரு பகுதியைப் போட்டு மோட்டார் ஹோம் ஒன்று வாங்கினார். படுக்கை, அடுப்பு, குளிர்சாதனப் பெட்டி, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. ஏழரை மீட்டர் நீளம். டிரைவர் சீட்டுக்கு மேலே பேரப் பிள்ளைகள் படுக்க ஒரு பரண். வருஷத்தில் மூன்று மாதம் அதில்தான் குடித்தனம். ஸ்காட்லாந்து மலைகள், கார்ன்வால் கடற்கரை, வேல்ஸில் உள்ள ஸ்கந்தவேல் முருகன் கோயில் என்று போகாத இடமில்லை. ஓட்டுவது எப்போதும் அவர்தான். பக்கத்தில் உட்கார்ந்து மேப் பார்ப்பதும், போய்ச் சேர்ந்ததும் சமைப்பதும் என் வேலை.

இந்த நாட்டில் 70 வயது ஆனால் லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டும். அதற்குப் பிறகு மூன்று வருஷத்துக்கு ஒரு முறை. பிறந்த நாளுக்கு 90 நாள் முன்பே ஸ்வான்சியில் உள்ள லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து படிவம் வந்துவிடும். கட்டணம் கிடையாது. இதுவரை எல்லாம் சரி. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது.

1997 ஜனவரி 1க்கு முன் கார் டெஸ்டில் பாஸ் ஆனவர்களுக்கு, 7,500 கிலோ வரை உள்ள வண்டியை ஓட்டும் உரிமையும் சேர்ந்தே கிடைத்தது. அதற்கு சி1 என்று பெயர். பிறகு பாஸ் ஆனவர்களுக்கு 3,500 கிலோ வரைதான். அதற்கு மேல் வேண்டுமென்றால் தனி டெஸ்ட். எங்கள் வண்டியின் உச்ச எடை 4,250 கிலோ. என் கணவர் 1979லும் நான் 1988லும் பாஸ் ஆனவர்கள் என்பதால் அந்தக் கவலை எங்களுக்கு வந்ததே இல்லை. ஆனால் 70 வயதில் அந்த சி1 தானாகத் தொடராது. வேண்டுமென்றால் டாக்டரிடம் போய் டி4 என்ற மருத்துவப் படிவத்தை நிரப்பி வாங்கி, அதோடு விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்ப வேண்டும். கண் பரிசோதனையும் காரை விடக் கடுமை. ஒரு கண் நன்றாகத் தெரிந்தால் போதாது. மற்ற கண்ணுக்கும் ஓர் அளவு வைத்திருக்கிறார்கள்.

2024ல் அவருக்கு 70 வந்தது. படிவமும் வந்தது. அதை மேஜை டிராயரில் போட்டுவிட்டு வாயே திறக்கவில்லை. ஒரு மாதம் கழித்துக் கேட்டேன்.

“கார் லைசென்ஸை மட்டும் புதுப்பிச்சுக்கறேன். அந்த டாக்டர் படிவமெல்லாம் வேண்டாம்.”

“அப்போ வண்டி?”

“எட்டு வருஷமா ஓட்டறேன். எந்தப் போலீஸ் நிறுத்தினான்? யாரு வந்து பார்க்கப் போறா?”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வாழ்நாளில் ஒரு பில் கட்டத் தவறாத மனுஷன். “லைசென்ஸ் இல்லாம ஓட்டினா இன்சூரன்ஸ் செல்லாதுங்க. யாராவது குழந்தை குறுக்கே வந்துட்டா என்ன பண்ணுவீங்க?” என்றேன்.

“நான் கிழவனாயிட்டேன்னு சொல்றியா?” என்று கத்தினார். 43 வருஷத்தில் அவர் என்னிடம் அப்படிக் கத்தியது அதுதான் இரண்டாவது தடவை.

நான் பதில் பேசவில்லை. “அந்தப் படிவம் டாக்டர்கிட்ட போகாம, நான் அந்த வண்டியிலே கால் வைக்க மாட்டேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டேன். நான்கு நாள் வீட்டில் பேச்சே இல்லை. ஐந்தாம் நாள் காலையில் அவரே செருப்பை மாட்டிக்கொண்டு, “வா, கண்ணைக் காட்டிட்டு வரலாம்” என்றார்.

பரிசோதனை முடிந்து வெளியே வந்தவர் காரில் ஏறி, சாவியைப் போடாமல் உட்கார்ந்திருந்தார். பிறகு மெதுவாக, “இடது கண்ணுலே ஒண்ணும் தெரியலேன்னு எனக்கு ஒரு வருஷமாவே தெரியும். சொன்னா நம்ம ஊர் சுத்தறதெல்லாம் நின்னுடும்னு சொல்லலே” என்றார். 20 வருஷ சர்க்கரை வியாதி கண்ணைத் தின்றிருந்தது. வலது கண் கண்ணாடியோடு நன்றாக இருந்ததால் கார் ஓட்டத் தடையில்லை. பெரிய வண்டிக்கு இனி வழியே இல்லை.

எனக்குக் கோபமும் வந்தது, அழுகையும் வந்தது. ஒரு வருஷமாக அந்த வண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து நான் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டு வந்திருக்கிறேனே! ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் ஒன்றும் சொல்லத் தோன்றவில்லை. “சரி, வீட்டுக்குப் போய் காபி குடிச்சுட்டு யோசிப்போம்” என்றேன்.

அன்று ராத்திரி மகனுக்குப் போன் செய்தோம். “அம்மாவுக்கு 66தானே ஆகுது? இன்னும் நாலு வருஷம் சி1 இருக்கே, அம்மா ஓட்டட்டும்” என்றான். சட்டப்படி சரிதான். “நடு வழியில எனக்கு உடம்புக்கு முடியாமப் போனா?” என்று கேட்டேன். “நான் வந்து...” என்று ஆரம்பித்தவன் நிறுத்திவிட்டான். அவன் பாஸ் ஆனது 2002ல். அவனுக்கே அந்த வண்டியை ஓட்ட லைசென்ஸ் கிடையாது! அதோடு, நாலு வருஷம் கழித்து எனக்கும் இதே படிவம் வந்து நிற்கும். ஆகவே, இரண்டு பேரும் ஓட்டக்கூடிய, 3,500 கிலோவுக்கு உட்பட்ட வண்டிதான் வேண்டும் என்று முடிவு செய்தோம்.

முதலில் பழைய வண்டியையே வைத்துக்கொள்ள முடியுமா என்று பார்த்தோம். உச்ச எடையைக் காகிதத்தில் குறைத்துப் பதிவு செய்துகொள்ள இங்கே வழி உண்டு. ஆனால் காகிதத்தில் குறைத்தால் இரும்பு குறையுமா? எங்கள் வண்டி காலியாகவே 3,350 கிலோ. 3,500 என்று மாற்றினால் மீதி 150 கிலோ. அதில் நானும் தண்ணீரும் ஏறினாலே முடிந்தது.

பிறகு கடை கடையாக ஏறி இறங்கினோம். ஒரு விற்பனை நிலையத்தில் அழகான வண்டி ஒன்றைக் காட்டினார்கள். “3,500 கிலோதான், நாலு பேர் படுக்கலாம்” என்றார் விற்பனையாளர். அவருக்கு உடனே பிடித்துவிட்டது. நான் மட்டும், “காலி எடை எவ்வளவு?” என்று கேட்டேன். 3,200 என்றார். கையில் இருந்த பால் கணக்கு நோட்டைத் திருப்பிக் கணக்குப் போட்டேன். மீதி 300 கிலோ. காலி எடையில் டிரைவருக்கு 75 கிலோ சேர்த்திருப்பார்கள். என் கணவர் 82. அதில் 7 கூடுதல். நான் 64. தண்ணீர் ஒரு லிட்டர் ஒரு கிலோ. 100 லிட்டர் தொட்டி நிறைந்தால் 100. வெயிலுக்குப் போடும் பந்தல் 30. இரண்டாவது கேஸ் சிலிண்டர் 15. கூட்டினால் 216. மீதி 84 கிலோ! அதற்குள் துணிமணி, போர்வை, பாத்திரம், அரிசி பருப்பு, நாற்காலி எல்லாம் அடங்க வேண்டும். இதில் நாலு பேர் எங்கே படுப்பது? விற்பனையாளர் சிரித்துக்கொண்டே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

சகோதரிகளே, பொருள் வாங்கும்போது எவ்வளவு பெரியது என்று கேட்காதீர்கள். எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். உச்ச எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வருவதுதான் நமக்குச் சொந்தம்.

கடைசியில் வேன் ஒன்றையே உள்ளுக்குள் வீடாக மாற்றிய வண்டி கிடைத்தது. பியட் டுகாட்டோ வேன். ஆறு மீட்டர் நீளம், காலி எடை 2,900. ஏணி ஏறாமல் படுக்கும் உயரத்தில் கட்டில். ராத்திரி எழுந்தால் நாலு எட்டில் கழிவறை. பழைய வண்டிக்கு, அதன் காலி எடையால், இருவழிச் சாலையில் 50 மைல் வேகம்தான் அனுமதி. இதற்குக் காரைப் போல 60. அந்த வேகம் எங்களுக்குத் தேவையில்லை. பின்னால் வருபவர்கள் ஹாரன் அடிக்காமல் இருந்தால் போதும். ஆனால் பேரப் பிள்ளைகளின் பரண் இதில் இல்லை. பழைய வண்டியை விற்ற அன்று என் பேத்தி அந்தப் பரணில் ஏறி இறங்கவே மாட்டேன் என்று அழுதாள். அவளோடு சேர்ந்து தாத்தாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

அடுத்தது என் வேலை. பழைய வண்டியிலிருந்து இறக்கிய சாமான்களைக் கூடத்தில் பரப்பினேன். உடம்பு எடை பார்க்கும் மெஷினில் முதலில் நான் நின்று, பிறகு ஒவ்வொரு பொருளையும் தூக்கிக்கொண்டு நின்று, வித்தியாசத்தை நோட்டில் எழுதினேன். கிரைண்டர் 11 கிலோ. இரும்பு தோசைக்கல் 3. அரிசிப் பை 10. ஊறுகாய் ஜாடிகளே 6! வருஷக்கணக்கில் திறக்காத பெட்டிகள், மூன்று குக்கர், எட்டுப் பேருக்கு எவர்சில்வர் தட்டு என்று மொத்தம் 214 கிலோ. போவது இரண்டு பேர். எதற்கு இவ்வளவு?

கிரைண்டர் வீட்டிலேயே தங்கியது. புறப்படும் முன் மூன்று நாளுக்கு மாவை அரைத்து எடுத்துக்கொள்கிறேன். பிறகு அவல், ரவை, கோதுமை மாவு. ஊறுகாய் சின்ன டப்பாவில். அரிசி அங்கங்கே வாங்கிக்கொள்ளலாம். தோசைக்கல்லை மட்டும் அவர் விடவில்லை. 214 கிலோ 118 ஆனது. தண்ணீரும் வழிக்கு 30 லிட்டர்தான். தங்கும் இடத்தில் போய் நிரப்பிக்கொள்வோம். கனமான சாமானைத் தரைமட்டத்தில், முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவில் வைக்க வேண்டும். எல்லாவற்றையும் வால் பக்கம் திணித்தால், மொத்த எடை சரியாக இருந்தாலும் பின் அச்சு தாங்காது.

ஆனாலும் நோட்டுக் கணக்கை நம்பிப் புறப்படவில்லை. டீசல் நிரப்பி, நாங்களும் ஏறி, எடை மேடைக்குப் போனோம். இங்கேயும் நம் ஊர் மாதிரி லாரிகள் நிற்கும் எடை மேடை உண்டு. முன் அச்சு, பின் அச்சு, மொத்தம் என்று மூன்றையும் போட்டுப் பார்த்தார்கள். தண்ணீர்த் தொட்டியை வேண்டுமென்றே நிரப்பிக்கொண்டு போயும் 3,340 கிலோதான் காட்டியது. பரீட்சையில் பாஸ் ஆன மாதிரி இருந்தது!

2025 மே மாதம் ஸ்காட்லாந்தின் வடமேற்கே உள்ள அல்லாபூல் வரை போனோம். பாதி தூரம் அவர், பாதி தூரம் நான். குறுகலான மலைப்பாதையில் நான் ஸ்டீயரிங்கைப் பிடித்தபோது கை நடுங்கியது. அவர் ஒரு அறிவுரையும் சொல்லவில்லை. பிளாஸ்கிலிருந்து டீயை ஊற்றி வைத்துக்கொண்டு, வண்டி நிற்கும் வரை காத்திருந்து கொடுத்தார். “உனக்கு இவ்வளவு நல்லா ஓட்ட வரும்னு தெரிஞ்சிருந்தா நான் எப்பவோ தூங்கியிருப்பேனே” என்றார். இத்தனை வருஷத்தில் கிடைத்த பாராட்டுகளில் இதுதான் எனக்குப் பெரிது.

நம் ஊரில் மோட்டார் ஹோம் வைத்திருப்பவர்கள் குறைவு. ஆனால் ஸ்கூட்டரோ காரோ ஓட்டும் அப்பா, மாமனார், கணவர் இல்லாத வீடு உண்டா? அங்கேயும் 40 வயதுக்கு மேல் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சான்றிதழ் வேண்டும். அதை வெறும் கையெழுத்தாக நினைக்காதீர்கள். சர்க்கரை இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை கண்ணின் விழித்திரையைக் காட்டச் சொல்லுங்கள். “வயசாயிடுச்சு” என்று குத்திக் காட்டாமல், “நாம ரெண்டு பேரும் இன்னும் ரொம்ப நாள் போகணும்” என்று சொல்லிப் பாருங்கள். பிடிவாதக்காரர்களும் கேட்பார்கள்.

அப்படியே நீங்களும் ஓட்டக் கற்றுக்கொள்ளுங்கள். ஏற்கெனவே தெரிந்தவர்கள் விட்டுவிடாதீர்கள். என் லைசென்ஸ் 36 வருஷம் பெரும்பாலும் கைப்பையில்தான் தூங்கியது. அது இல்லாமல் போயிருந்தால் எங்கள் பயணம் அந்தக் கண் டாக்டர் வாசலோடு நின்றிருக்கும்.

– ஒரு வாசகி, லெஸ்டர், இங்கிலாந்து.