ராத்திரி தூங்காத பெரியவர்

மறதி நோய் வந்த மாமனார் நடுராத்திரியில் எழுந்து, "வீட்டுக்குப் போகணும்" என்று கதவைத் தட்டுகிறாரா? பிடிவாதம் அல்ல, மூளைக்குள் இருக்கும் பகல்-இரவுக் கடிகாரம் பழுதாகிவிட்டது. நம் புதுக்கோட்டையில் வெயிலுக்கா பஞ்சம்? காலை 7 மணிக்கே திண்ணையில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். பகலில் நெடுநேரம் தூங்க விடாதீர்கள். மதியத்துக்கு மேல் காபி வேண்டாம். ராத்திரி எழுந்தால் வாதாடாமல், சிறுநீர் முட்டுகிறதா, எங்காவது வலிக்கிறதா என்று பாருங்கள். நீங்களாகத் தூக்க மாத்திரை கொடுத்து, அவர் தடுமாறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் பெரும்பாடு. சித்த வைத்தியன் நானே சொல்கிறேன்: பாலில் ஜாதிக்காயை அள்ளிப் போடாதீர்கள், அளவு மிஞ்சினால் மனக்குழப்பம் கூடும். சரி, மருமகள் ஒருத்தியே தினமும் கண் விழிப்பது என்ன நியாயம்? ஒரு நாள் விட்டு ஒரு நாள் மகன் பக்கத்தில் படுக்கட்டும். அன்றைக்கு அவள் வேறு அறையில் தூங்கட்டும்.