பிள்ளைத்தாய்ச்சிக்குச் செலவுக்காசு: பிறக்கும்வரை பொறுக்க வேண்டுமா?

"பிள்ளை பிறக்கட்டும், பிறகு கோட்டுக்குப் போவம்." கணவன் கைவிட்ட கர்ப்பிணிக்கு வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் புத்திமதி இது. அவளுக்கு இதனால் நட்டமே. 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டப்படி, நீதவான் கட்டளையிடும் மாதப் பணம் பொதுவாக விண்ணப்பித்த நாளிலிருந்தே கணக்காகும். சும்மா இருந்த மாதங்கள் போனவைதான்.

அரச ஆஸ்பத்திரியில் பிரசவம் இலவசம்தானே என்பவர்கள் நெடுந்தீவை மறந்துவிடுகிறார்கள். குறிகட்டுவானுக்கு ஏறத்தாழ ஒரு மணிநேரக் கடல், பிறகு பஸ். காற்றடித்தால் படகு ஓடாது. ஆகையால் நாள் நெருங்கமுன்பே யாழ்ப்பாணத்தில் யார் வீட்டிலாவது தங்க வேண்டும். துணைக்கு வரும் தாய்க்கும் சாப்பாடு, போக்குவரத்து. நயினாதீவுக்குக் கடல் குறைவு, அலைச்சல் குறைவில்லை.

இந்தச் செலவுக்கு யார் பொறுப்பு? தாபரிப்புச் சட்டம் வாழ்க்கைத் துணையையும் பிள்ளையையும் பேசுகிறது. வயிற்றிலிருக்கும் பிள்ளைக்கென்று தனி ஏற்பாடு அதில் இல்லை. ஆனாலும் மனைவி, மனைவி என்ற முறையில் இப்போதே தனக்குக் கேட்கலாம். கணவனுக்கு வசதி இருந்தும் தரவில்லை, தன்னால் தன்னைப் பார்க்க முடியவில்லை என்று காட்ட வேண்டும். எழுத்து இல்லாவிட்டாலும், முறைப்படி நடந்த கல்யாணத்தை நிரூபிக்க இடமுண்டு. கல்யாணமே ஆகாதவள் இந்தச் சட்டத்தின் கீழ் பிள்ளை பிறந்த பின்னரே, பிள்ளைக்காகக் கேட்க முடியும்.

1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டமோ பிரசவச் செலவைக் காதியிடம் தனியாகக் கோர வழிவிட்டிருக்கிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலம் 2021 இல் கர்ப்பகால மருத்துவச் செலவில் பாதியைத் தகப்பன் தலையில் வைத்தது. நம் பொதுச் சட்டம் இதைச் சொல்லாமல் விட்டது குறைதான்.

கல்யாணமாகாத தாய் பிள்ளையின் தகப்பன் யாரென்று வலுவான சான்றோடு காட்ட வேண்டும். அதைக் கர்ப்பகாலத்திலேயே சேர்க்க வேண்டும்: கிளினிக் அட்டை, அவன் அனுப்பிய காசின் பற்றுச்சீட்டு, கைபேசிச் செய்திகள். கோபத்தில் அழித்துவிடாதீர்கள். பிறப்புச் சான்றிதழில் அவன் பெயர் இல்லையென்பதற்காக வழக்கு விழுந்துவிடாது. கட்டளையை மீறுபவனை மறியலுக்கு அனுப்பவும் நீதவானால் முடியும்.

அடி உதை இருந்தால் 2005 ஆம் ஆண்டின் 34 ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தில் பாதுகாப்புக் கட்டளையோடு அவசரப் பண உதவியும் கேட்கலாம். 16 வயதுக்குக் குறைந்த பிள்ளை கர்ப்பமானால் அது தாபரிப்போடு முடிகிற விஷயமல்ல, குற்றம். பொலிசுக்குப் போக வேண்டும்.

வழக்குக்கு ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றம் இருக்கிறது. வழி கேட்க, பிரதேச செயலகத்தின் பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் அல்லது 1938 என்ற தொலைபேசி இலக்கம். வருமானம் குறைந்தவர்களுக்கு சட்ட உதவி ஆணைக்குழு காசு வாங்காமல் சட்டத்தரணி தரும்.

இன்னொன்று. சமாதானம் பேச வருபவர்கள் "இருவரும் சம்மதித்துப் பிரிகிறோம்" என்று எழுதிய கடதாசியை நீட்டுவார்கள். மனமொத்துப் பிரிந்து வாழும் மனைவிக்குத் தாபரிப்புக் கட்டளை கிடைக்காது. சட்டத்தரணி ஒருவர் பார்க்காமல் அதில் கையெழுத்து வைக்காதீர்கள்.