பல்லோடு பொருந்தாத உறையால் பயனில்லை

கம்பி கட்டாமலே பல்வரிசையைச் சீர்செய்யும் 'அலைனர்' எனப்படும் ஒளிபுகும் பிளாஸ்டிக் உறைகள் 1990களின் இறுதியில் அமெரிக்காவில் அறிமுகமாகின. ஏறாவூர், காத்தான்குடி முதல் களுவாஞ்சிக்குடி வரை, மட்டக்களப்பு வாவிக் கரையில் இதனை நாடும் தமிழ், முஸ்லிம் குடும்பங்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 20 முதல் 22 மணித்தியாலங்கள் அணிந்தாலும், உறைக்கும் பல்லுக்குமிடையே வெளி இருக்குமாயின் பல் உரியவாறு நகராது. அடுத்த உறையும் பொருந்தாது. செலவிட்ட பணமும் வீணாகும்.

உறையை முதலில் விரலால் அழுத்தியே அணிய வேண்டும். எனினும், கடைவாய்ப் பற்களுக்கு விரலின் வலு போதாது. 'சூவி' எனப்படும் மென்மையான சிற்றுருளையை ஒவ்வொரு பல்லாக நகர்த்திக் கடிக்கலாம், விலையும் குறைவு. ஆனால், அது நாளடைவில் தளர்ந்துவிடும். கைபிடியுள்ள சிலிக்கன் கடிகருவி கடைவாய்க்கு எளிதில் எட்டும். கழுவி நெடுநாள் பாவிக்கலாம். விலை சற்றுக் கூடியது. சிறு கொக்கியோ உறையைக் கழற்றுவதற்கு மட்டுமே உரியது. இவை எதுவுமின்றி வெறும் பல்லால் கடித்து ஏற்றினால் உறை வெடிக்கக்கூடும்.

பெரும்பாலானோருக்கு எளிய உருளையே போதுமென்பது நமது கருத்து. உணவின் பின் பல் துலக்கி உறையை அணிந்ததும் சில நிமிடங்கள் கடித்தல் நன்று. நோன்பு காலத்தில் இப்தாரின் பின்னரும் ஸஹரின் பின்னரும் இதனைச் செய்யலாம்.

சில நாட்களின் பின்னும் இடைவெளி தெரியுமாயின், வலிந்து கடிக்காது பல் வைத்தியரிடம் காட்டுவதே முறை. தபாலில் உறைகளை அனுப்பிவந்த அமெரிக்காவின் 'ஸ்மைல் டைரக்ட் கிளப்' நிறுவனம் 2023 டிசெம்பரில் மூடப்பட்டபோது, அதன் வாடிக்கையாளர்கள் இடைநடுவில் கைவிடப்பட்டனர். கருவி எதுவாயினும், வைத்தியரின் மேற்பார்வைக்கு அது ஈடாகாது.