கடற்காற்றுக்கு இறக்கையைத் தாழ்த்துங்கள்

கோடை நாட்களில் மதியத்தை ஒட்டி எண்ணூர்ப் பக்கமிருந்து கடற்காற்று வடசென்னைக்குள் நுழைகிறது. அங்குள்ள சடையங்குப்பத்தைச் சுற்றியுள்ள சதுப்பு வெளிகளில் அதைத் தடுக்க மரமும் இல்லை, மேடும் இல்லை. மணிக்கு 20 கிலோமீட்டர் வேகம் அங்கே சாதாரணம். இந்தக் காற்றில் ஒரு மீட்டர் நீள இறக்கையும் 600 கிராம் எடையும் கொண்ட ரிமோட் கன்ட்ரோல் ஃபோம் விமானம் ஒன்றை ஏவினால் என்ன ஆகும்? அதன் சொந்த வேகமே மணிக்கு 36 கிலோமீட்டர்தான். எதிர்க்காற்றில் அதில் பாதி வேகத்தில்கூட முன்னேறாது. திரும்பிக் காற்றோடு போனாலோ, கண்ணுக்கு எட்டாத தூரத்துக்கு விரைவிலேயே போய்விடும்.

இது பார்க்கத்தான் பயமாக இருக்கும், விமானத்துக்கு இதனால் கேடில்லை. ஒரே சீராக வீசும் காற்றைப் பறக்கும் விமானம் உணர்வதே இல்லை. காற்றோடு சேர்ந்து அதுவும் நகர்கிறது, அவ்வளவுதான். அதைக் கவிழ்ப்பது திடீரென்று மாறும் காற்று. ஆனி, ஆடி மாதக் காலையில் காற்று மேற்கிலிருந்து, மணலி ஆலைகளின் பக்கமிருந்து வரும். எண்ணெய்த் தொட்டிகளையும் உயரமான கட்டடங்களையும் உரசிக்கொண்டு வரும் அந்தக் காற்று சுழல்களாக உடைந்துதான் வந்து சேரும். மதியத்தில் திசை மாறிக் கடற்காற்று நுழையும்போது சற்று நேரம் இரண்டும் மோதிக்கொள்ளும். மாடல் விமானத்துக்குச் சோதனையான நேரம் அதுதான்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். நொடிக்கு 10 மீட்டர் வேகத்தில் பறக்கும் ஃபோம் விமானத்தின் மீது பக்கவாட்டிலிருந்து நொடிக்கு 3 மீட்டர் வேகத்தில் ஒரு காற்று அடிக்கிறது. விமானத்தைப் பொறுத்தவரை எதிரே வரும் காற்றின் திசை ஒரே கணத்தில் சுமார் 17 டிகிரி திரும்பிவிட்டது. அதே காற்று, நொடிக்கு 70 மீட்டர் வேகத்தில் இறங்கிவரும் பயணிகள் விமானத்துக்கு இரண்டரை டிகிரிதான். சின்ன விமானம் மெதுவாகப் பறப்பதால் அதற்குக் கிடைக்கும் அடி இத்தனை பெரிது. கடையில் வாங்கிய ஃபோம் விமானத்தை அப்படியே பறக்கவிடாமல் மாற்றியமைக்க வேண்டியிருப்பதும் இதனால்தான்.

முதல் மாற்றத்துக்குக் காசே தேவையில்லை. பேட்டரியை முன்னும் பின்னும் நகர்த்தி, எடை குவியும் புள்ளியைச் சரிசெய்வது அது. மாடல் விமானக்காரர்கள் சி.ஜி. என்பார்கள். இறக்கையின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரையிலான தூரத்தில் அந்தப் புள்ளி இருக்க வேண்டும். இறக்கை 20 சென்டிமீட்டர் அகலம் என்றால் 5 முதல் ஆறரை சென்டிமீட்டர். வடசென்னைப் பிள்ளைகள் காத்தாடிக்குச் சூத்திரம் கட்டும்போது முடிச்சை விரற்கடை ஏற்றி இறக்கிப் பார்ப்பார்களே, அந்த நுணுக்கம்தான் இங்கேயும். அரை சென்டிமீட்டரில் விமானத்தின் குணமே மாறிவிடும்.

காரணம் வாலில் இருக்கிறது. காற்று மூக்கைத் தூக்கினால் வாலும் காற்றைச் சாய்வாகச் சந்திக்கும். அதன்மேல் எழும் விசை வாலை உயர்த்தி மூக்கைப் பழைய நிலைக்கு இறக்கும். சி.ஜி. முன்னால் இருந்தால்தான் இது நடக்கும். பின்னால் நகர நகர இந்தத் திருத்தம் வலுவிழந்து, ஒரு புள்ளியில் முற்றிலும் நின்றுபோகும். அதையும் தாண்டினால் சிறு அசைவும் பெருகிப் பெருகி விமானம் கையை மீறும். பிரான்சின் அல்போன்ஸ் பெனோ இதைச் செய்து காட்டியது 1871இல். அவருடைய மாடல் விமானம் வெறும் 16 கிராம் எடை, முறுக்கிய ரப்பர்தான் விசை. பாரிஸ் தூலரி தோட்டத்தில் அது 11 நொடிகளில் சுமார் 40 மீட்டர் பறந்தது, யார் கையும் படாமல். நிலைத்தன்மை என்ற சிந்தனையே ஒரு பொம்மை விமானத்தில் உருப்பெற்றது என்பது எனக்கு இன்றும் மகிழ்ச்சி தரும் செய்தி.

அப்படியென்றால் பேட்டரியை எவ்வளவு முன்னால் தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளிவிடலாமா? கூடாது. மூக்கு கனத்த விமானம் வேகம் கூடும்போதெல்லாம் மூக்கைத் தூக்கும், குறையும்போதெல்லாம் குத்தும். சுழற்காற்றில் அலைபோல ஏறி இறங்கும். தரையிறங்கும்போது எலிவேட்டரை, அதாவது மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகையை, முழுவதும் இழுத்தாலும் மூக்கு நிமிராது. சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது. நல்ல உயரத்தில், காற்று அடங்கிய காலையில், நேராகப் பறக்கும் விமானத்தைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். வேகமாக மூக்கைத் தூக்கினால் முன்கனம். இன்னும் செங்குத்தாகக் குத்தினால் பின்கனம். நிதானமாகத் தானே நிமிர்ந்தால் அந்த இடத்தில் பேட்டரிக்கு ஒரு கோடு போட்டுவிடலாம்.

அடுத்தது இறக்கையின் வளைவு. என் பார்வையில் நம் கடலோரத்துக்கு முக்கியமான மாற்றம் இதுவே. பயிற்சிக்கான ஃபோம் விமானங்களில் இறக்கை நுனிகள் ஆங்கில ‘வி’ எழுத்தைப் போல மேல்நோக்கி இருக்கும். டைஹெட்ரல் என்பார்கள். விமானம் ஒருபக்கம் சாய்ந்தால் தானாக நிமிர இது உதவும். ஆனால் பக்கக்காற்று அடித்தால், காற்று வரும் பக்கத்து இறக்கை சட்டென்று மேலே எழும்பி விமானத்தை மறுபக்கம் உருட்டிவிடும். அமைதியான காற்றில் காப்பாற்றும் அதே வடிவம் கொந்தளிக்கும் காற்றில் கவிழ்க்கப் பார்க்கிறது.

ரைட் சகோதரர்கள் இதில் மாட்டியது 1902இல், கிட்டி ஹாக் கடலோர மணல்மேட்டில். பக்கக்காற்று அவர்களின் கிளைடரைப் புரட்டியது. அவர்கள் கம்பிகளை இழுத்துக் கட்டி இறக்கை நுனிகளை நடுப்பகுதியைவிடத் தாழ்வாக வளைத்தார்கள். 1903 டிசம்பர் 17 அன்று, மணிக்கு 30 கிலோமீட்டருக்கு மேல் காற்று வீசிய காலையில் பறந்த அவர்களின் விமானத்துக்கும் தாழ்ந்த நுனிகள்தான்.

ஃபோம் விமானத்தை அவ்வளவு தூரம் கொண்டுபோக வேண்டியதில்லை. எய்லரான், அதாவது விமானத்தைச் சாய்க்கும் இறக்கைப் பலகை, உள்ள விமானமாக இருந்தால் ஐந்தாறு டிகிரி வளைவை இரண்டு மூன்றாகக் குறைத்தால் போதும். இறக்கைகள் சேரும் முகங்களை உப்புத்தாளால் தேய்த்து, குறைந்த கோணத்தில் மீண்டும் ஒட்டி, நடுவே ஒரு கார்பன் குழாயைப் பதிக்கலாம். குழாய்க்கு இன்னொரு பயனும் உண்டு. ஃபோம் வளையும், முறுகும். சுழற்காற்றில் முறுகும் இறக்கை நாம் வைத்த கோணத்தில் நிற்பதில்லை. வால் பகுதியும் அப்படியே, நார் பதித்த டேப்பை நீளவாக்கில் ஒட்டினால் பெருமளவு விறைக்கும். ஆனால் ரட்டரை, அதாவது செங்குத்து வாலில் அசையும் பலகையை, மட்டுமே வைத்துத் திரும்பும் எளிய விமானங்களில் வளைவைத் தொடாதீர்கள். அவை சாய்ந்து திரும்புவதே அந்த வளைவால்தான்.

வளைவைக் குறைத்தால் செங்குத்து வாலையும் கவனிக்க வேண்டும். வளைவு நிறைய, வால் சிறியது என்றால் விமானம் இடமும் வலமும் ஆடிக்கொண்டே போகும். வால் பெரிது, வளைவு குறைவு என்றால் மெல்லச் சாய்ந்து சுருள்வட்டமாக இறங்கும். இரண்டாவது மெதுவாக நடப்பதால் கையால் திருத்த நேரம் கிடைக்கும். காற்றுள்ள இடத்தில் நான் அதையே தேர்ந்தெடுப்பேன். சி.ஜி. புள்ளியிலேயே 100 கிராம் எடை கூட்டுவதும் பலன் தரும். கனம் கூடினால் காற்றின் உதைப்பு குறையும். தரையிறங்கும் வேகம் கொஞ்சம் கூடும்.

இவ்வளவும் செய்தபின் கைரோ. விமானம் சாய்வதை உணர்ந்து அதன் பலகைகளைத் தானே அசைத்துத் திருத்தும் கருவி அது. தேஜஸ் போர் விமானத்தை நம் பொறியாளர்கள் வேண்டுமென்றே நிலைத்தன்மை குறைத்து வடிவமைத்தார்கள். 2001 ஜனவரி 4 முதல் கணினிதான் அதை வானத்தில் நிமிர்த்திப் பிடிக்கிறது. குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் ‘தக்‌ஷா’ மாணவர் குழு, நடிகர் அஜித்குமாரை ஆலோசகராகக் கொண்டு, 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் இரண்டாமிடம் பெற்றது. அத்தகைய விமானங்களின் தானியங்கிக் கருவிக்குள் இருக்கும் கைரோ சில்லின் வகைதான் இன்று மலிவான ரிசீவர்களுக்குள்ளும் வருகிறது. ஆனால் சி.ஜி. பின்தள்ளிப்போன விமானத்தில் கைரோவை மாட்டினால், பலகைகளை அசைக்கும் சர்வோ மோட்டார்கள் ஓயாமல் அடித்துக்கொள்ளும். கைரோ நின்ற கணமே விமானம் விழும்.

சடையங்குப்பம் போன்ற இடத்தில் ஏவும் முன் சட்டத்தையும் பார்த்தாக வேண்டும். சுற்றிலும் சுத்திகரிப்பு ஆலை, மின் நிலையம், துறைமுகம், உயர் அழுத்த மின்கம்பிகள். 2021 டிரோன் விதிகளின்படி எந்த வான்பகுதி சிவப்பு, எது பச்சை என்பதை டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் பார்த்து, தனி அனுமதி இல்லாவிட்டால் பச்சையில் மட்டுமே, கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் பறக்கவிட வேண்டும். கழிமுகத்து நீர்ப்பறவைகள் கூட்டமாக இறங்கியிருந்தால் அன்றைக்கு வேறு இடம்.

இடம் சரியாக அமைந்துவிட்டால், ஏவும் முன் மீண்டும் கைரோவுக்கு வருவோம். அதன் வலிமையைச் சரிசெய்யப் பல கருவிகளில் ஒரு சிறு குமிழ் இருக்கும். வேகம் இரட்டிப்பானால் எலிவேட்டர், எய்லரானின் விசை நான்கு மடங்காகும். மெதுவான பறப்பில் சரியாக இருந்த அளவு, எதிர்க்காற்றை வெல்ல மோட்டாரை முழுவதும் திறக்கும்போது மிகையாகி, இறக்கைகள் படபடவென்று நடுங்கும். உடனே மோட்டாரைக் குறைத்தால் நடுக்கம் நிற்கும். இறக்கியபின் குமிழைக் கால் திருப்பு குறைத்துவிட்டு மறுபடி ஏவலாம்.